வீட்டு வைஃபைக்குத் தாழ்ப்பாள் போட்டாயிற்றா?

எங்கள் உத்தமபாளையத்துத் தெருவில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஒரு வீட்டுத் திண்ணையில் பையன்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தால், அந்த வீட்டில் ஏதோ விசேஷம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த வீட்டு வைஃபை திண்ணை வரைக்கும் நன்றாக எட்டுகிறது என்று அர்த்தம்!

அப்படி ஒரு திண்ணை நாலு வீடு தள்ளி இருந்தது. வீட்டுக்காரப் பெரியம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. மகன் வெளியூரில். பேரப்பிள்ளை முகத்தைப் பார்த்துப் பேசுவதற்காக மகன் ஏற்பாடு செய்து கொடுத்த இணைப்பு அது. பெட்டியை மாட்ட வந்தவர், 'பாஸ்வேர்டெல்லாம் அடிக்க உங்களுக்குச் சிரமம்மா' என்று சொல்லித் திறந்த வீடாகவே விட்டுவிட்டுப் போய்விட்டார். பெரியம்மாவுக்கும் அதில் வருத்தமில்லை. "படிக்கிற பிள்ளைக பார்த்துட்டுப் போகட்டும் தாயி, தேஞ்சா போயிரும்?" என்பார்.

ஒரு நாள் காலையில் போலீஸ்காரர்கள் இரண்டு பேர் வாசலில் வந்து நின்றார்கள். பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தியின் போட்டோவை எடுத்து, அவள் பெயரிலேயே பொய்யாக ஒரு கணக்குத் தொடங்கி, வாயால் சொல்ல முடியாததையெல்லாம் எவனோ எழுதியிருக்கிறான். அந்தப் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம் ஆகியிருந்தது. புகார் போய், எங்கிருந்து பதிவானது என்று தேடிக்கொண்டே வந்தால், தடம் பெரியம்மா வீட்டு இணைப்பில் வந்து முடிகிறது! கையில் ஒரு போனை வைத்துக்கொண்டு பேரனைக் கூப்பிடுவதைத் தவிர வேறெதுவும் தெரியாத மனுஷி. மூன்று தடவை விசாரணைக்குப் போய் வந்தார். மகன் லீவு போட்டுவிட்டு ஓடி வந்தான். கடைசியில் யார் செய்தது என்பது தெரிந்துவிட்டது. ஆனால் அந்தப் பெண் வீட்டாரும் பெரியம்மா வீட்டாரும் பத்து வருஷமாகச் சீர்வரிசை கொடுத்துப் பழகியவர்கள், இன்றைக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

கல்யாணத்துக்கு முன் இரண்டு வருஷம் தேனியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவள் நான். அதனால் தெருவில் எந்த வீட்டில் நெட் வரவில்லையென்றாலும் "மதினி, கொஞ்சம் வந்துட்டுப் போங்க" என்று கூப்பிட்டு விடுவார்கள். பெரியம்மா விஷயத்துக்குப் பிறகு நானாகவே வீடு வீடாகப் போய்ப் பார்த்தேன். அங்கே பார்த்ததையும் செய்ததையும்தான் இங்கே எழுதுகிறேன். படித்துவிட்டு, உங்கள் வீட்டுப் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் காகிதத்தை ஒரு தடவை பாருங்கள்.

எவன் மதினி திருடப் போறான்?

"நகையா, நட்டா? வைஃபையைப் போயி எவன் மதினி திருடப் போறான்?" என்று எதிர்வீட்டுப் பெண் சிரித்தாள். நியாயமான கேள்விதான். அக்கம்பக்கத்தார் நம் இணைப்பில் நாலு பாட்டுக் கேட்டால் நமக்கு என்ன நஷ்டம்?

நஷ்டம் பாட்டில் இல்லை. நம் வீட்டில் பத்துப் போன் இருந்தாலும், வெளியுலகத்துக்குத் தெரிவது அந்த இணைப்பின் விலாசம் ஒன்றுதான். திண்ணையில் இருப்பவன் செய்ததும், நம் பிள்ளை செய்ததும், நாம் செய்ததும் எல்லாம் ஒரே விலாசத்திலிருந்து போனதாகத்தான் பதிவாகும். அந்த விலாசத்துக்கு எதிரே இருப்பது பணம் கட்டுகிறவரின் பெயர்.

இது நம் தெருவில் மட்டும் நடந்த அதிசயமல்ல. 2008 ஜூலை 26-ம் தேதி அகமதாபாத்தில் வரிசையாகக் குண்டுகள் வெடித்து ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வெடிப்பதற்குச் சில நிமிஷங்களுக்கு முன்னால் பத்திரிகை அலுவலகங்களுக்கும் டி.வி. நிலையங்களுக்கும் ஒரு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. எங்கிருந்து என்று தேடிப் போனால், நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வீட்டு இணைப்பு. அவருக்கும் குண்டுக்கும் சம்பந்தமே இல்லை. பாதுகாப்பில்லாமல் கிடந்த அவருடைய வைஃபையை வெளியிலிருந்து எவனோ உபயோகித்திருந்தான். அந்த மனிதர் எத்தனை விசாரணைகளைச் சந்தித்திருப்பார், எண்ணிப் பாருங்கள். அதே வருஷம் மும்பையில் ஒரு கல்லூரியின் வைஃபையும் இப்படியே பயன்படுத்தப்பட்டது. அதற்கப்புறம்தான், 2009 பிப்ரவரியில், வைஃபை இணைப்புகளைப் பாதுகாப்பாக வைக்க வேண்டும் என்று மத்திய தொலைத்தொடர்புத் துறை உத்தரவு போட்டது.

நிற்க. இரண்டாவது நஷ்டம் இன்னும் நெருக்கமானது. நம் வைஃபைக்குள் வந்துவிட்டவன் நம் வீட்டுக் கூடத்துக்குள் வந்துவிட்ட மாதிரி. கேமரா, டி.வி., கம்ப்யூட்டர் எல்லாம் அதே கூடத்தில்தான் இருக்கின்றன. போடி மெட்டுக்கு மேலே ஏலத் தோட்டம் வைத்திருப்பவர்கள், கம்பம் பக்கம் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர்கள் பலரும் இப்போது கேமரா மாட்டி வீட்டிலிருந்தே பார்க்கிறார்கள். நாம் தோட்டத்தைப் பார்க்கிற ஜன்னல் வழியாக அடுத்தவன் நம்மைப் பார்க்காமல் இருக்க வேண்டாமா?

பெட்டிக்கு இரண்டு சாவி

பலரும் குழம்புகிற இடம் இதுதான், நிதானமாகப் படியுங்கள். வைஃபை பெட்டிக்கு இரண்டு பாஸ்வேர்ட் உண்டு. ஒன்று, விருந்தாளி வந்தால் "பாஸ்வேர்ட் என்ன?" என்று கேட்கிறாரே, அது. வாசற்கதவின் சாவி. இன்னொன்று பெட்டியையே திறந்து உள்ளே மாற்றங்கள் செய்வதற்கானது. அது பீரோச் சாவி. பெரும்பாலான வீடுகளில் இரண்டாவது சாவி ஒன்று இருப்பதே தெரியாது. பெட்டி கடையிலிருந்து வந்தபோது 'அட்மின்' என்ற பெயருக்கு 'அட்மின்' என்பதே பாஸ்வேர்டாக இருந்தால், இன்றைக்கும் அதுவாகவே இருக்கும்.

இது எவ்வளவு பெரிய ஓட்டை என்பதை 2016-ல் உலகமே பார்த்தது. 'மிராய்' என்ற ஒரு தீய நிரல், வீடுகளிலும் கடைகளிலும் இருந்த கேமராக்களையும் வைஃபை பெட்டிகளையும் லட்சக்கணக்கில் வசப்படுத்திக்கொண்டது. அதற்குப் பெரிய மந்திரமெல்லாம் தெரியாது. கம்பெனியில் வைத்து அனுப்பிய பாஸ்வேர்டுகள் அறுபதுக்கும் சற்று அதிகமாகக் கையில் வைத்திருந்தது. அதை வைத்தே ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்த்தது, அவ்வளவுதான். அந்த அக்டோபர் 21-ம் தேதி அமெரிக்காவின் பல பகுதிகளில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்றவை மணிக்கணக்கில் வேலை செய்யாமல் போயின. எங்கோ ஒரு வீட்டு மாடியில் மாட்டிய கேமராவும் அதற்கு உடந்தை!

ஆகவே முதல் வேலை பீரோச் சாவியை மாற்றுவது. பெட்டியின் அடியில் ஒட்டியுள்ள காகிதத்தில் 192.168.1.1 என்றோ 192.168.0.1 என்றோ ஓர் எண் இருக்கும். வீட்டு வைஃபையில் இருந்துகொண்டே, போனிலோ கம்ப்யூட்டரிலோ வலைத்தளத்தின் பெயர் அடிக்கும் இடத்தில் அந்த எண்ணை அடித்தால் பெட்டியின் பக்கம் திறக்கும். காகிதத்தில் உள்ள பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்து உள்ளே போய், 'அட்மினிஸ்ட்ரேஷன்' அல்லது 'மேனேஜ்மென்ட்' என்ற இடத்தில் புதியதாக மாற்றுங்கள். சில பெட்டிகளில் இணைப்புக் கொடுத்தவரே இதைப் பூட்டி வைத்திருப்பார். அப்படியானால் கேபிள்காரத் தம்பியைக் கூப்பிட்டு, பக்கத்தில் நின்று மாற்றச் சொல்லுங்கள். "அதெல்லாம் வேண்டாங்க்கா, ஒண்ணும் ஆகாது" என்று சொன்னால், விடாதீர்கள். அங்கேயே 'ரிமோட் மேனேஜ்மென்ட்' என்று ஒன்று இருக்கும். வெளியூரில் இருந்துகொண்டே பெட்டியைத் திறக்கிற வசதி அது. நம் வீட்டுக்கு அது தேவையில்லை, அணைத்துவிடுங்கள். இணைப்பை அவர்கள் தூரத்திலிருந்தே பராமரிக்கிறார்கள் என்றால் மட்டும் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

போஸ்ட் கார்டும் உறை போட்ட கடிதமும்

வைஃபை என்பது ரேடியோ அலை. சுவரையும் தாண்டிப் போகும், கதவைச் சாத்தினாலும் நிற்காது. தெருவில் நிற்பவன் காதிலும் விழத்தான் செய்யும். அதனால்தான் அதைச் சங்கேதமாக மாற்றி அனுப்புகிறார்கள். சங்கேதமில்லாத வைஃபை போஸ்ட் கார்டு என்றால், சங்கேதமுள்ளது உறை போட்டு ஒட்டிய கடிதம்.

உறையிலும் தரம் உண்டு. முதலில் வந்தது 'வெப்' என்ற முறை. 2001-லேயே அதில் பெரிய ஓட்டை இருப்பதை ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். 2007-ல் ஜெர்மனியின் டார்ம்ஷ்டாட் பல்கலைக்கழகத்தில் ஒரு நிமிஷத்துக்குள்ளேயே அதை உடைத்துக் காட்டினார்கள். அதே வருஷம் அமெரிக்காவின் 'டி.ஜே.எக்ஸ்.' என்ற பெரிய ஜவுளிக்கடைக் குழுமம் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தது. கடையின் வைஃபை வழியாக உள்ளே நுழைந்தவர்கள், நாலரைக் கோடிக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களின் கார்டு எண்களைத் திருடியிருந்தார்கள். கடையில் இருந்தது இந்தப் பழைய 'வெப்' பூட்டு.

அதற்குப் பிறகு 2003-ல் 'டபிள்யூ.பி.ஏ.', 2004-ல் 'டபிள்யூ.பி.ஏ.2', 2018-ல் 'டபிள்யூ.பி.ஏ.3' என்று வரிசையாக வந்தன. உங்கள் பெட்டியின் பக்கத்தில் 'வயர்லெஸ் செக்யூரிட்டி' என்ற இடத்தில் இவையெல்லாம் பட்டியலாக வரும். டபிள்யூ.பி.ஏ.3 இருந்தால் அதை வையுங்கள். பழைய போன்கள் அதில் சேர மறுத்தால், 2-ம் 3-ம் சேர்ந்தது என்று ஒன்று இருக்கும், அது போதும். அதுவும் இல்லையென்றால் டபிள்யூ.பி.ஏ.2, கூடவே 'ஏ.ஈ.எஸ்.'. 'டி.கே.ஐ.பி.' என்று இருப்பது பழசு, வேண்டாம். 'ஓப்பன்' என்றோ 'நன்' என்றோ இருந்தால், உங்கள் வீட்டிலும் ஒரு திண்ணை இருக்கிறது என்று அர்த்தம்.

போன் நம்பர் வேண்டவே வேண்டாம்

எங்கள் தெருவில் நான் பார்த்த பதினோரு வீடுகளில் ஏழு வீட்டில் பாஸ்வேர்ட், வீட்டுக்காரரின் செல்போன் நம்பர்! பத்து இலக்கம், மறக்காது, சொல்லவும் சுலபம் என்று பெட்டி மாட்டுகிறவரே அப்படி வைத்துவிடுகிறார். அந்த நம்பர் நம் கல்யாணப் பத்திரிகையில் இருக்கிறது, கடைப் பலகையில் இருக்கிறது, வண்டியின் பின்னால்கூட எழுதியிருக்கிறது.

நம்பரே தெரியாதவனுக்கும் கஷ்டமில்லை. நம் நாட்டுச் செல்போன் எண்கள் 6, 7, 8, 9 இந்த நான்கில் ஒன்றில்தான் தொடங்கும். அதன்படி மொத்தம் 400 கோடி எண்கள். 'அம்மாடி, அவ்வளவா!' என்று நமக்குத் தோன்றும். ஒரு போன் நம் வைஃபையில் சேரும் அந்த ஒரு கணத்தின் அலையைத் தெருவிலிருந்து பிடித்துக்கொண்டால் போதும். அப்புறம் அவன் தன் வீட்டிலேயே உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணாகப் போட்டுப் பார்க்கலாம். விளையாட்டுக்காக விற்கிற உயர்ந்த ரகக் கம்ப்யூட்டரால் வினாடிக்குப் பத்து லட்சம் எண்களைச் சரிபார்க்க முடியும். 400 கோடிக்கும் சேர்த்து ஒரு மணி நேரமும் சுமார் ஏழு நிமிஷமும் ஆகும். நாம் சோறு வடித்து, குழம்பு கொதிக்கவிட்டு இறக்குகிற நேரம்.

ஆகவே நீளமாக வையுங்கள். குறைந்தது எட்டு எழுத்து என்பது சட்டம், 63 வரை போகலாம். நான் சொல்வது பதினாறுக்குக் குறையாமல். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலு வார்த்தைகளை எடுத்துக் கோத்துவிடுங்கள். முறம், திராட்சை, ஜீப்பு, பாயசம் என்று வீட்டில் எல்லோருக்கும் சிரிப்பு வருகிற மாதிரி இருந்தால் மறக்கவே மறக்காது. ஆங்கில எழுத்தில் அடித்து, நடுவில் ஓர் எண்ணைச் செருகினால் இன்னும் நல்லது. நான் இங்கே எழுதியதையே வைத்துவிடாதீர்கள், இந்தப் பத்திரிகையை உங்கள் தெருவில் நீங்கள் மட்டுமா படிக்கிறீர்கள்?

வைஃபையின் பெயரிலும் கவனம் தேவை. வீட்டுக்காரர் பெயர், கதவு எண், மாடி என்றெல்லாம் வைத்தால் தெருவில் போகிறவனுக்கு விலாசம் எழுதிக் கொடுத்த மாதிரி. ஏதாவது பூவின் பெயர் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம் 'டபிள்யூ.பி.எஸ்.'. பெட்டியின் பின்னால் ஒரு பொத்தான் இருக்கும். பாஸ்வேர்ட் அடிக்காமலே சேருவதற்கான சௌகரியம். அதற்கென்று எட்டு இலக்க எண் ஒன்று பெட்டிக்குள் இருக்கிறது. எட்டு இலக்கம் என்றால் பத்துக் கோடி முறை முயல வேண்டும் என்றுதானே நினைப்போம்? அந்த எண்ணைப் பெட்டி இரண்டு பாதியாகப் பிரித்துச் சரிபார்க்கிறது. கடைசி இலக்கம் மற்றவற்றைக் கூட்டிக் கழித்து வருவது. அதனால் பதினோராயிரம் முயற்சிக்குள் கதவு திறந்துவிடும் என்பது 2011 டிசம்பரில் வெளியானது. பிறகு வந்த பெட்டிகளில் தப்பாக முயன்றால் பூட்டிக்கொள்ளும்படி செய்திருக்கிறார்கள். இருந்தாலும் நமக்கு எதற்கு? அணைத்துவிடுங்கள்.

'வைஃபை பெயரை மறைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது' என்று சிலர் யோசனை சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. தேடத் தெரிந்தவனுக்கு அது தெரியத்தான் செய்யும். அதுமட்டுமில்லை, பெயரை மறைத்த வைஃபையில் சேர்த்து வைத்த லேப்டாப், போகிற ஊரிலெல்லாம் 'இன்னார் இருக்கிறீர்களா, இன்னார் இருக்கிறீர்களா' என்று அந்தப் பெயரைச் சொல்லிக் கூவிக்கொண்டே போகும். மறைக்கப் போய் ஊரெல்லாம் பறையடித்த கதை.

லேப்டாப்புக்குள்ளே ஒரு காது

பெட்டி வாய் என்றால், லேப்டாப்புக்குள் இருக்கிற 'வயர்லெஸ் அடாப்டர்' காது. வாயையே திட்டிக்கொண்டிருக்கிறோமே தவிர, காதை யாரும் பார்ப்பதில்லை. பையனுக்கு ஆன்லைன் வகுப்பு, பெண்ணுக்குப் பரீட்சை விண்ணப்பம், நமக்குக் கரண்ட் பில் என்று இந்த லேப்டாப்பில்தான் எல்லாம் நடக்கிறது.

விண்டோஸ் வைத்த கம்ப்யூட்டரில் 'செட்டிங்ஸ்', 'நெட்வொர்க்', 'வைஃபை' என்று போனால், 'நோன் நெட்வொர்க்ஸ்' என்று இதுவரை சேர்ந்த எல்லா வைஃபைகளின் பட்டியலும் வரும். எங்கள் வீட்டு லேப்டாப்பில் முப்பத்திரண்டு இருந்தது! மூணாறு போனபோது தங்கிய விடுதி, நாத்தனார் வீடு, மதுரையில் ஓர் ஆஸ்பத்திரி. இவற்றில் பாஸ்வேர்ட் இல்லாத திறந்த வைஃபை ஏதாவது அங்கே கிடந்தால், அதே பெயரில் எவனாவது பொய்யாகத் திறந்த வைஃபை ஒன்றைப் போட்டாலும் லேப்டாப் 'நம்ம வீடுதான்' என்று நினைத்துத் தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும். வேண்டாதவற்றையெல்லாம் 'ஃபர்கெட்' கொடுத்து மறக்கடியுங்கள். போனிலும் இதையே செய்யலாம்.

அதே இடத்தில், வீட்டு வைஃபைக்கு 'பிரைவேட்' என்றும், வெளியில் சேருகிற எதற்கும் 'பப்ளிக்' என்றும் இருக்கட்டும். 'பப்ளிக்' என்றால் நம் கம்ப்யூட்டர் பக்கத்துக் கம்ப்யூட்டர்களுக்கு முகம் காட்டாது. 'ரேண்டம் ஹார்ட்வேர் அட்ரஸ்' என்பதை வெளியூரில் போட்டுக்கொண்டால், கடைக்குக் கடை அதே கம்ப்யூட்டர்தான் வந்தது என்று யாரும் தடம் பிடிக்க முடியாது.

இனி கொஞ்சம் உள்ளே போவோம், பயப்படாதீர்கள். 'டிவைஸ் மேனேஜர்' என்று தேடித் திறந்து, 'நெட்வொர்க் அடாப்டர்ஸ்' என்பதன் கீழே 'வயர்லெஸ்' அல்லது 'வைஃபை' என்று இருப்பதை இரண்டு தட்டுத் தட்டினால் ஒரு சிறு ஜன்னல் திறக்கும். அதில் 'அட்வான்ஸ்டு' என்ற பகுதி. ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு விதமாகப் பெயர் வைத்திருக்கும். எதையும் மாற்றுவதற்கு முன்னால் இருந்ததை ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

முக்கியமானது 'பிரிஃபர்டு பேண்ட்'. இப்போதைய பெட்டிகள் இரண்டு விதமான அலைகளை அனுப்புகின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், சுவரைத் தாண்டும், ஆனால் மெதுவு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகம், ஆனால் சுவரைக் கண்டால் தளர்ந்துவிடும். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் சுவர் ஒன்றரை, இரண்டடிக் கனம். பெட்டி முன் கூடத்தில், பிள்ளை படிப்பது பின்கட்டில் என்றால் 2.4-தான் எட்டும். ஒரே அறையில் என்றால் 5-ஐ வையுங்கள். இன்னொரு சங்கதி, மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய அதே 2.4-ல்தான் வேலை செய்கிறது. அடுப்பைப் போட்டவுடன் வகுப்பு அறுந்துபோகிறது என்று பையன் கத்தினால், அவன் சாக்குச் சொல்லவில்லை!

2.4-ல் பக்கத்து வீட்டுப் பெட்டிகளும் ஒரே 'சானலில்' பேசினால், குழாயடியில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசுகிற கதைதான். பெட்டியின் பக்கத்தில் 1, 6, 11 இவற்றில் ஒன்றை மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். இந்த மூன்றும்தான் ஒன்றோடொன்று முட்டாதவை.

அதே ஜன்னலில் 'பவர் மேனேஜ்மென்ட்' என்ற பகுதியும் சில லேப்டாப்பில் இருக்கும். பாட்டரியை மிச்சம் பிடிக்க, சும்மா இருக்கும்போது அடாப்டரை நிறுத்திவிட அனுமதி என்று அங்கே ஒரு டிக் போட்டிருப்பார்கள். 'திறந்தால் நெட் இல்லை, அணைத்துத் திறந்தால் வருகிறது' என்ற தொல்லை பல வீடுகளில் இதனால்தான். டிக்கை எடுத்துவிடுங்கள். 'ரோமிங் அக்ரெஸிவ்னெஸ்' என்பது வேறு பெட்டிக்குத் தாவுகிற அவசரம். வீட்டில் ஒரே பெட்டி என்றால் நடுவில் இருக்கட்டும்.

'டிரைவர்' என்ற பகுதியில் புதுப்பித்தல் இருக்கும். அதை அலட்சியம் செய்யாதீர்கள். 2017 அக்டோபரில் பெல்ஜியம் நாட்டு ஆராய்ச்சியாளர் மேத்தி வான்ஹூஃப், டபிள்யூ.பி.ஏ.2 பூட்டிலும் ஒரு கீறலைக் கண்டுபிடித்தார். பாஸ்வேர்ட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பயனில்லை. போனும் லேப்டாப்பும் புதுப்பிக்கப்பட்டால்தான் அந்தக் கீறல் அடைபடும். பெட்டிக்கும் 'ஃபர்ம்வேர்' என்று இதே மாதிரி புதுப்பித்தல் உண்டு. ஆடிக் காற்றில் கரண்ட் போய்ப் போய் வருகிற நேரத்தில் மட்டும் அதைத் தொடாதீர்கள். பாதியில் நின்றால் பெட்டியே எழுந்திருக்காமல் போகலாம்.

குழந்தைகள் உள்ள வீட்டில்

விருந்தாளிகளுக்கும் கேமராவுக்கும் டி.வி.க்கும் தனியாக ஒரு வைஃபை கொடுக்கலாம். 'கெஸ்ட் நெட்வொர்க்' என்று பெட்டியிலேயே இருக்கும். திண்ணையோடு நிறுத்திப் பேசி அனுப்புகிற மாதிரி. சொந்தக்காரர்கள் பாஸ்வேர்ட் கேட்டால் மறுக்கவும் முடியாது, கொடுத்த பிறகு அது எத்தனை கைக்குப் போகும் என்றும் தெரியாது. இதற்கு இதுதான் வழி. பெரியம்மா வீட்டில் நான் செய்தது இதைத்தான். படிக்கிற பிள்ளைகளை அனுப்பிவிட அவருக்கு மனசில்லை. கெஸ்ட் பாஸ்வேர்டை மாதம் ஒருமுறை மாற்றுகிறோம், யார் யாருக்குக் கொடுத்தது என்று காலண்டரில் எழுதி வைக்கிறார்.

சின்னக் குழந்தைகள் போன் பார்க்கிற வீட்டில், பெட்டியில் 'டி.என்.எஸ்.' என்ற இடத்தில் 1.1.1.3 என்றும், அடுத்ததில் 1.0.0.3 என்றும் போட்டு வைக்கலாம். கிளவுட்ஃபிளேர் என்ற நிறுவனம் 2020-லிருந்து இலவசமாக நடத்துவது. ஆபாசத் தளங்களையும் கேடு செய்யும் தளங்களையும் பெரும்பாலும் தடுத்துவிடும். முழுக் காவல் அல்ல. பெரிய பிள்ளைகள் தாண்டத் தெரிந்தவர்கள். நாலு வயதுக் குழந்தை தெரியாமல் தட்டிவிடுவதற்கு இது போதும்.

"கைக்குழந்தை இருக்கு மதினி, இந்த அலை உடம்புக்கு ஆகுமா?" என்று கேட்காத இளம் தாய் இல்லை. வீட்டுப் பெட்டி அனுப்புவது பெரும்பாலும் ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். மைக்ரோவேவ் அடுப்புக்குள் எழுநூறு, ஆயிரம் வாட். விலகப் போகப் போக அலை வெகுவேகமாகக் குறைந்தும்விடும். இப்படிப்பட்ட மெல்லிய அலைகளால் கெடுதல் என்பதற்கு நம்பகமான ஆதாரமில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2006-ல் சொன்னது. அதன் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2011-ல் ரேடியோ அலைகளை, முக்கியமாகச் செல்போனைக் காதில் வைத்துப் பேசுவதை வைத்து, 'ஒருவேளை இருக்கலாம்' என்ற வரிசையில் சேர்த்ததும் உண்மை. என் அபிப்பிராயம், தொட்டிலுக்கு மேலே பெட்டியை மாட்டாதீர்கள், இரண்டு மூன்று மீட்டர் தள்ளி உயரத்தில் இருக்கட்டும், அப்புறம் அதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். குழந்தையின் தூக்கத்தை நிஜமாகக் கெடுப்பது அதன் கண்ணெதிரே ராத்திரி பத்து மணிக்கு ஒளிவிடும் போன்தான்.

வெளியில் பஸ் நிலையத்திலோ காபிக் கடையிலோ இலவச வைஃபை கிடைத்தால் பேங்க் வேலையோ ஜிபே வேலையோ வைத்துக்கொள்ளாதீர்கள். அந்த ஐந்து நிமிஷத்துக்குப் போனின் சொந்த டேட்டா போதும். பணம் போய்விட்டது என்று தெரிந்தால், அழுதுகொண்டு உட்காராமல் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். சைபர் குற்றங்களுக்கான தேசிய உதவி எண் அது. சீக்கிரம் சொன்னால் போகிற வழியிலேயே பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. பெண்களின் போட்டோவை வைத்துத் தொல்லை கொடுத்தாலும் சைபர்கிரைம் அரசுத் தளத்தில் புகார் கொடுக்கலாம், பெயர் சொல்லாமலும் கொடுக்க வழி இருக்கிறது.

பாஸ்வேர்டை மாற்றுவதற்கு எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போன பிறகு, காலை பதினோரு மணி வாக்கில் உட்காருங்கள். மாற்றிய உடனே வீட்டில் எல்லாமே அறுந்து விழும், அது சரிதான். புதியதை கேஸ் புத்தகத்தின் உள் அட்டையில் எழுதி வைத்துவிட்டு, ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துக்கொண்டு வாருங்கள். சேர்க்கும்போது எண்ணிக்கொள்ளுங்கள், போன் எத்தனை, டி.வி. எத்தனை, கேமரா எத்தனை என்று. பிறகு பெட்டியின் பக்கத்தில் 'கனெக்டட் டிவைசஸ்' பட்டியலைப் பார்த்து, எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்று ஒப்பிடலாம். மொத்தம் முக்கால் மணி நேர வேலை. டி.வி.க்கு மட்டும் ரிமோட்டை வைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடிப்பது கொஞ்சம் பொறுமையைச் சோதிக்கும். அதைச் சாயங்காலம் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள்.